முதல் 60 அடிக்கு ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், காரின் பிக்கப்பைக் கூட்டுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. திறந்த ஏர் ஃபில்டர், வாய் அகன்ற சைலன்சர், இன்ஜின் கணினியில் மாற்றம் என்று மூன்று யோசனைகள் அதில் இருந்தன. மறுநாள் காலை, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இரண்டு பையன்கள் அம்பத்தூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார்கள். மூன்றையும் செய்து கொடுங்கள், பணம் பிரச்சினை இல்லை என்றார்கள். "வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடியற்காலையில் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனம் ஆறவில்லை. நான் 28 வருடமாகக் கார் வேலை செய்கிறவன். கடந்த மூன்று வருடங்களில் நான்கு டிராக் ரேஸ்களுக்கு என் சொந்தக் காரைக் கொண்டுபோயிருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமான கடிதம்தான். கட்டுரைக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது இதற்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிராக் ரேஸ் என்றால் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு விழுந்ததும் கிளம்ப வேண்டும். திருப்பம் கிடையாது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் கடைசியில் நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் பெரும்பகுதி முதல் 60 அடியில் முடிந்துவிடுகிறது. 60 அடி என்பது ஒன்றரைப் பேருந்து நீளம். மொத்தத் தூரத்தில் 22-ல் ஒரு பங்கு. ஆனால் என் காருக்கு அந்தத் தூரம் மொத்த நேரத்தில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அங்கே கால் நொடி மிச்சம் பிடித்தால் கோட்டைத் தாண்டும்போது அது பெரும்பாலும் ஒன்றரை மடங்காகப் பெருகி நிற்கும். அதனால்தான் ஒழுங்காக நடத்தப்படும் டிராக் ரேஸில், ஓடி முடித்ததும் கொடுக்கும் சீட்டில் 60 அடி நேரம் தனியாக அச்சாகி வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

என் கார் மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 16 வால்வு, 85 குதிரைத்திறன். வெறும் வண்டி சுமார் 875 கிலோ. முதல்முறை ஓடியபோது கால் மைலுக்கு 18.31 நொடி ஆனது. முதல் 60 அடி 2.82 நொடி. கடைசியாக ஓடியபோது 17.21 நொடி, 60 அடி 2.49. இடையில் இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை. கம்பெனி ஃபில்டர், கம்பெனி சைலன்சர். 1.10 நொடி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும் அது தரைக்குப் போய்ச் சேர்வது உள்ளங்கை அகலத்தில் இரண்டு ரப்பர்த் துண்டுகள் வழியாகத்தான். முதல்முறை போனபோது என் டயரில் பட்டன் நிறைய இருந்தது, பார்க்கப் புதுசு போலவே இருந்தது. ஆனால் ஆறு வருடம் பழையது. ரப்பர் கெட்டிப்பட்டு நகத்தால் அழுத்தினால் பதியாத நிலை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். காரில் என்ன மாற்றலாம் என்று யாராவது கேட்டால் முதலில் குனிந்து இந்த எண்ணைப் படிக்கச் சொல்வேன். நான் முன்பக்கத்துக்கு மட்டும் அதே 175/70 ஆர்13 அளவில், கொஞ்சம் மென்மையான புது டயர் இரண்டு போட்டேன்.

அடுத்தது காற்று. வழக்கமாக 30 வைப்பேன். பந்தய நாளில் முன்சக்கரங்களில் இரண்டு இரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 28, 26, 24 என்று குறையக் குறைய 60 அடி நேரமும் குறைந்தது. 22-க்குப் போனதும் நேரம் மறுபடி ஏறியது. வண்டி கோட்டுக்குப் பக்கத்தில் வரும்போது மூக்கு அலைவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பக்கச் சுவர் மடங்குகிறது என்று அர்த்தம். 24-க்குத் திரும்பினேன். பின்சக்கரங்கள் சும்மா உருள்கிறவை, அதனால் அவற்றில் 36 வைத்தேன். இதற்கு ஆன செலவு ஒரு பிரஷர் கேஜ் விலை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் பழையபடி காற்று நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் 80-ல் வருவது உயிருக்கு ஆபத்து. நான் கால் பம்ப் ஒன்றை டிக்கியிலேயே கொண்டுபோய் ஓடுதளத்து ஓரத்தில் வைத்துவிடுவேன்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். பையன்கள் அமெரிக்க டிராக் ரேஸ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், கிளம்பும்போது மூக்கு தூக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த வீடியோவில் இருப்பவை பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். வண்டி முன்னே பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. பின்சக்கர வண்டிக்கு அது வரம், ஏனென்றால் தள்ளுகிற சக்கரத்தின் மேல் பாரம் ஏறுகிறது. நம் பழைய அம்பாசடரும் பத்மினியும் அந்த ஜாதி. இன்று நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கிறவை. இவற்றுக்கு மூக்கு தூக்கினால் இழுக்கிற சக்கரமே லேசாகிவிடும். என் எஸ்டீமுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையே 2.3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எடையின் மையம் ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். முதல் கியரில் நன்றாகப் பிடித்து இழுக்கும்போது, ஆளோடு சேர்த்து மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோவுக்குப் பக்கத்தில், முன்சக்கரங்களிலிருந்து பின்னுக்குப் போய்விடுகிறது. நான்கு மூட்டை சிமென்ட்டில் பாதியை முன்னாலிருந்து தூக்கிப் பின்னால் வைத்ததற்குச் சமம். அதைக் குறைப்பதுதான் நம் வேலை. மென்மையான முன் ஸ்பிரிங் அதற்கு நேர் எதிரானது. நான் பின் ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றினேன், பின்பக்கம் உட்காருவது குறைந்தது.

அதே காரணத்தால் எடையைக் குறைக்கும்போதும் பின்னாலிருந்துதான் எடுத்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், டிக்கியில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி. பெட்ரோல் 15 லிட்டர் மட்டும். மொத்தம் 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எடை 3 சதவீதம் குறைந்தால் கால் மைல் நேரம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்று பந்தயக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. என் சீட்டுகளில் அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பணம் செலவழித்துச் சக்தியைக் கூட்டுவதற்கு முன் ஒரு ஸ்பேனரை எடுத்துக் கழற்றக் கூடியதைக் கழற்றிப் பாருங்கள். பந்தயம் முடிந்ததும் எல்லாம் திரும்ப மாட்டிவிட வேண்டும், அதுவும் முக்கியம்.

இனி கிளட்ச். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் பந்தயத்தில் நான் 5,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டேன். டயர் அலறியது, புகை வந்தது, கூட்டம் கைதட்டியது. 2.82 நொடி. அடுத்த ஓட்டத்தில் பயந்து 1,800-ல் விட்டேன். இன்ஜின் மூச்சு முட்டி விழுந்து எழுந்தது. அதுவும் 2.8-தான். மூன்றாவது ஓட்டத்தில் மறுபடி 5,000-க்கு ஏற்றினேன். டயர் பிடித்தும் விட்டும் மாறி மாறிக் குதிக்க ஆரம்பித்தது. டக் டக் டக் என்று முன்பக்கம் முழுக்க அதிர்ந்தது. நான் காலை எடுப்பதற்குள், சக்கரத்தைச் சுற்றும் இடது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட் உடைந்துவிட்டது. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தால், இன்ஜினை வண்டியோடு பிடித்துத் தாங்கும் மவுண்டிங் மூன்றிலும் ரப்பர் பிளந்திருந்தது. இன்ஜின் முன்னும் பின்னும் ஆடியதால்தான் சக்கரம் அப்படிக் குதித்திருக்கிறது. மவுண்டிங்குகளையும், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போட்ட பிறகு அந்தக் குதிப்பு வரவே இல்லை. இந்த வேலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. வெளியே தெரியாது, சத்தம் வராது.

டயர் முழுதாகச் சுற்றினாலும் பிடிப்பு போய்விடும், கொஞ்சமும் நழுவாவிட்டாலும் இன்ஜின் அமுங்கிவிடும். சாதாரண ரப்பர், வண்டியின் வேகத்தைவிடப் பத்து பதினைந்து சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் தரையை மிக இறுக்கமாகப் பிடிக்கிறது. அந்த இடத்தில் சக்கரத்தை ஒன்றரை நொடி நிறுத்தி வைக்க வேண்டும். காலின் நுனியில் இருக்கிற வேலை அது.

அந்த வேலையை என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது என் அக்கா மகள். கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விடுமுறையில் பட்டறையில்தான் இருப்பாள். மூன்றாவது பந்தயத்துக்கு அவளை ஓட்டச் சொன்னேன். முதல் ஓட்டம் முடித்து வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: "மாமா, டயர் கீச்சுன்னு கத்தினா போச்சு. முர்ருன்னு உறுமினா சரியா இருக்கு. நான் மீட்டரைப் பார்க்கப் போறதில்ல, காதை வச்சு ஓட்டப் போறேன்." 3,200-ல் பிடித்து, கிளட்சைப் பாதி வரை சட்டென்று விட்டு, மீதியை அந்த உறுமல் மாறாமல் மெல்ல விட்டாள். கிளட்ச் முழுக்க விட்ட பிறகுதான் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். 2.61 நொடி. அடுத்த ஓட்டத்தில் 2.55.

என் கால் 28 வருடம் போக்குவரத்து நெரிசலில் கிளட்ச் மிதித்துப் பழகிய கால். அதில் ஊறிய பழக்கத்தை விட முடியவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை என்பதால் காதால் கேட்டுக் கற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சரி, அவள் என்னைவிட 20 கிலோ எடை குறைவு என்பதும் உண்மை. அதையும் அவளே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கழற்றிய எடையோடு அந்த 20 கிலோவையும் சேர்த்தால் ஏறத்தாழ அரை நொடி. முதல் 60 அடியில் கிடைத்தது வளர்ந்து வளர்ந்து இன்னோர் அரை நொடி. மிச்சம் இருக்கும், நொடியில் பத்தில் ஒரு பங்கு கியர் மாற்றுவதில் வந்தது. இன்ஜின் அதற்கு மேல் சுற்றாமல் கட்-ஆஃப் ஆகும் வரை ஒவ்வொரு கியரையும் இழுப்பதை நிறுத்தினோம். சக்தியின் உச்சத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனதுமே மாற்றினோம். அவ்வளவுதான்.

விளக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கிற அந்த விளக்குக் கம்பத்தை 1963-இல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். அதுவரை கொடி அசைத்துத்தான் கிளப்பினார்கள். தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கதிர்கள் இருக்கும், இடைவெளி ஏழு அங்குலம். முன்சக்கரம் முதல் கதிரை மறைத்தால் மேல் விளக்கு, இரண்டாவதை மறைத்தால் அடுத்த விளக்கு. உங்கள் ஓட்ட நேரம், பச்சை விழுந்ததும் ஓட ஆரம்பிப்பதில்லை. உங்கள் சக்கரம் அந்த இரண்டாவது கதிரை விட்டு விலகும் கணத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே இரண்டாவது விளக்கு எரிந்ததுமே நிறுத்திவிட்டால், கடிகாரம் ஓடுவதற்கு முன் சக்கரம் உருள ஏறத்தாழ ஓர் அடி கிடைக்கும். இன்னும் உள்ளே தள்ளி நிறுத்தினால் அந்த ஓர் அடி போய்விடும். பச்சையைப் பார்த்துப் பதறத் தேவையில்லை என்று இதைச் சொல்லித்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தேன். பக்கத்து வண்டியை ஜெயிக்க வேண்டுமானால் மட்டும் பச்சைக்குக் கிளம்பும் நேரமும் சேர்ந்துகொள்ளும், அது வேறு கணக்கு.

இப்போது கட்டுரையில் சொன்ன திறந்த ஃபில்டருக்கு வருகிறேன். கம்பெனி போட்டுத் தரும் காற்றுப் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் கூம்பு ஃபில்டரை மாட்டினால், அது இன்ஜின் சூட்டில் வெந்த காற்றை உறிஞ்சும். காற்று ஒவ்வொரு 3 டிகிரி சூடாகும்போதும் அடர்த்தியில் ஏறத்தாழ 1 சதவீதம் போய்விடுகிறது. சென்னையில் காலை 22 டிகிரியில் ஓடுவதற்கும் மதியம் 33-இல் ஓடுவதற்கும் இடையே மூன்றரை சதவீதத்துக்கு மேல் காற்று குறைகிறது. நாங்கள் செய்வது இதுதான்: காலையில் முதல் ஆளாக வரிசையில் நிற்பது, ஓட்டங்களுக்கு நடுவில் பானெட்டைத் திறந்து வைப்பது, வரிசையில் வண்டியை இன்ஜின் போடாமல் கையால் தள்ளி நகர்த்துவது. சத்தம் வருவதால் வேகம் வந்ததுபோல் தோன்றும். சீட்டில் அது தெரியாது.

நான் சக்தி கூட்டுவதற்கு எதிரி இல்லை. வரிசை மாறக் கூடாது என்கிறேன். கடைசிப் பந்தயத்தில் எங்கள் பக்கத்தில் நின்றவர் ஓர் இளைஞர். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், 100 குதிரைத்திறன், எங்களைவிடப் பதினைந்து அதிகம். சைலன்சர், ஃபில்டர், கணினி மாற்றம் எல்லாம் முடித்துவிட்டு வந்திருந்தார். டயரில் 34 காற்று. முதல் கியர் முழுக்கவும் இரண்டாவது கியரில் பாதியும் சுற்றிக்கொண்டே போனார். 60 அடி 2.90, மொத்தம் 17.58. எங்கள் எஸ்டீம் அவருக்கு முன்னால் போனது. அவர் கோபப்படவில்லை, வந்து கேட்டார். என் கேஜைக் கொடுத்து முன்சக்கரங்களில் 26-க்கு இறக்கச் சொன்னேன். என் அக்கா மகள் அவர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓடுதளத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் இரண்டு முறை மெதுவாகக் கிளம்பிக் காட்டச் சொல்லி, எங்கே காலை விடுகிறார் என்று பார்த்துச் சொன்னாள். அடுத்த ஓட்டத்தில் 60 அடி 2.50. மொத்தம் 17.02. எங்களை ஜெயித்துவிட்டார். அவர் பணம் போட்டு வாங்கி வைத்திருந்த குதிரைத்திறன் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தரைக்கு வந்து சேர்ந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது.

அதனால்தான் கேட்கிறேன். இதையெல்லாம் அந்த இரண்டு பையன்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்? மூன்று வருடங்களில் எங்களுக்குக் கிடைத்தது நான்கு பந்தயங்கள், மொத்தம் 14 ஓட்டங்கள். 14 முறை கிளட்ச் விட்டால் யாருக்கும் கால் பழகாது. பந்தயக் கட்டணம், பயணம், விடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு மெக்கானிக் வீட்டுக்கு அது லேசான செலவும் இல்லை. அப்புறம் மிச்சம் இருப்பது சாலைதான். சாலையில் போட்டியிட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி குற்றம். முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் இப்படிப் போய்த் தொடை எலும்பு நொறுங்கி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தான். எதிரே பால் பாக்கெட் போடப் போன பெரியவர் ஒருவருக்கு இப்போதும் ஒரு கை சரியாகத் தூக்க வராது. அதற்குப் பிறகு, சாலையில் பந்தயம் விடப்போகிறவர் என்று தெரிந்தால் என் பட்டறையில் நான் வேலை எடுப்பதில்லை.

தடை மட்டும் போதாது என்று மற்ற ஊர்க்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவிலும் இளைஞர்கள் முதலில் தெருவிலும் காய்ந்த ஏரிப் படுகைகளிலும்தான் ஓட்டினார்கள். 1950-இல் கலிபோர்னியாவில் சாண்டா அனா விமான ஓடுதளத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர், டிராக் ரேஸை நடத்தும் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1954 முதல் அவர்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய், உள்ளூர் போலீசையும் இளைஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, பாதுகாப்பாக ஓட்டம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே பல ஓடுதளங்களில் பந்தயம் இல்லாத மாலைகளில், வீட்டுக் காரையே கொண்டுவந்து, சோதனைக்குக் காட்டி, ஹெல்மெட் போட்டு ஓடிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நமக்கும் இது புதிதில்லை. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னையின் கார்ப் பந்தயம் வளர்ந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைச் செங்குன்றம் வழியாகப் பேருந்தில் அங்கே கூட்டிப் போயிருக்கிறார். புழுதிக்கு நடுவில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாள்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. தேசிய பைக் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. கோவையில் செட்டிபாளையத்துத் தடம் இருக்கிறது. இடமும் ஆளும் அனுபவமும் நம்மிடம் உண்டு.

நான் கேட்பது கால் மைல்கூட இல்லை. 60 அடி போதும். கிளம்பிப் பழகுவதற்கு 60 அடியும், நிறுத்துவதற்கு அதைப்போல் மூன்று மடங்கு காலி இடமும், இரண்டு ஒளிக்கதிர்களும் ஒரு கடிகாரமும் இருந்தால் நடத்திவிடலாம். 60 அடி முடியும்போது என் எஸ்டீம் 50 கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தொடுவதில்லை. கால் மைல் முடிவில் 120-ஐத் தாண்டுகிறது. எந்த வேகத்தில் உயிர் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. தடங்களில் பந்தயம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதம் ஒருமுறை, கார் நிறுத்தும் தளத்தின் ஓரத்தில் ஒரு பாதையைக் கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்தால் போதும். ஒரு ஆம்புலன்ஸ், தீயணைப்புக் கருவிகள், வண்டியைச் சோதித்து உள்ளே விட இரண்டு மெக்கானிக்குகள். அந்த இரண்டு பேரில் ஒருவனாக நான் கூலி வாங்காமல் வந்து நிற்கிறேன். எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஆறேழு பட்டறைக்காரர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன். விளையாட்டுத் துறையும் போக்குவரத்துக் காவல்துறையும் பந்தயக் கிளப்புகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். உங்கள் நாளிதழ் அவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

அந்த இரண்டு பையன்களும் போன வாரம் மறுபடி வந்தார்கள். இந்தமுறை டயர் எண்ணைப் படிக்கச் சொன்னேன். ஒரு வண்டியில் ஏழு வருட டயர். மற்றதில் இன்ஜின் மவுண்டிங் ஒன்று கிழிந்திருந்தது. அதைக் கையால் ஆட்டிக் காட்டினேன். இரண்டையும் மாற்றச் சொல்லி வண்டியை விட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே ஓட்டப் போகிறார்கள் என்று மறுபடியும் கேட்டேன். "இடம் இருந்தா சொல்லுங்கண்ணா, அங்கேயே வர்றோம்" என்றான் மூத்தவன்.

எஸ்டீமின் நோட்டு இப்போது என் அக்கா மகளிடம் இருக்கிறது. ஓட்டத்துக்கு ஒரு வரி, ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் என்பது எங்கள் வழக்கம். 14-ஆவது வரியில் 17.21 இருக்கிறது. அதற்குக் கீழே 15 என்று எண் போட்டு, முன்சக்கரம் 23, கிளம்புவது 3,400 என்று எழுதி வைத்திருக்கிறாள். நேரம் எழுத வேண்டிய கட்டம் எட்டு மாதமாகக் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டறை நடத்தும் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.